பாப்பாவின் பத்துக் கிலோ

விமானக் கம்பெனியின் விதிப்படி இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு இருக்கை கிடையாது, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தனியாகக் கைப்பை கிடையாது. தள்ளுவண்டி ஒன்று இலவசம். சரக்கறையில் போடுகிற பெட்டிக்கு மட்டும் பத்துக் கிலோ உண்டு. இவ்வளவையும் தெரிந்துகொள்ள நான் மூன்று நாள் போனில் மல்லுக்கட்டினேன். முதலில் எடுத்தவர் ஏழு கிலோ என்றார். இரண்டாமவர் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்றார். மூன்றாமவர் பத்து என்றதும் "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்காவது ஆளிடம் கேட்கத் தைரியம் இல்லை.

என் மனைவி பூங்கொடிக்குச் சிங்கப்பூரில் நர்ஸ் வேலை. பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள், பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது விடுப்பு தீர்ந்து திரும்பிப் போனாள். பாப்பாவுக்கு அங்கே தங்குவதற்கான அனுமதி கிடைக்க மேலும் ஆறு மாதம் இழுத்தது. அந்த ஆறு மாதமும் அவளை வளர்த்தது நானும், அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்கா ஈஸ்வரியும்தான். பூங்கொடி தினமும் வீடியோவில் வருவாள். பாப்பா போனைப் பார்த்துச் சிரிப்பாள், பிறகு போனை நக்குவாள். "ஏனுங்க, அவ என்னையப் பாத்துச் சிரிக்கறாளா, போனைப் பாத்துச் சிரிக்கறாளா?" என்று ஒருநாள் கேட்டாள் பூங்கொடி. எனக்கு எப்படித் தெரியும்? "உன்னையத்தான் அம்மணி" என்று சொல்லி வைத்தேன்.

எங்களுக்குள் ஏற்பாடு இதுதான். நான் பாப்பாவைக் கொண்டுபோய் அங்கே ஐந்து நாள் தங்க வேண்டும். ஆறாம் நாள் திரும்பியே ஆக வேண்டும், எங்கள் கோழிப் பண்ணைக்குப் புதுக் குஞ்சு வந்து இறங்குகிறது. அதற்குள் பாப்பா அம்மாவிடம் ஒட்டிக்கொண்டால் அங்கேயே இருப்பாள். ஒட்டாவிட்டால் என்னோடு திரும்பிவிடுவாள், பிறகு விவரம் தெரிகிற வயதில் பார்த்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையைப் போட்டது பூங்கொடியேதான். "புள்ளையக் கதற உட்டுப்போட்டு என்ற கூட வெச்சுக்க மாட்டேனுங்க" என்றாள். அதனால் பாப்பாவுக்கும் போக வர டிக்கெட் போட்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை எடை போட்டேன். நம் வீட்டில் தராசுக்கா பஞ்சம்? பல்லடம் பக்கத்தில் எங்களுக்கு பிராய்லர் கோழிப் பண்ணை. கோழியைப் பிளாஸ்டிக் கூண்டோடு தராசில் ஏற்றுவோம். காலிக் கூண்டு ஆறரைக் கிலோ; அதைத் தராசே கழித்துக்கொண்டு கோழியின் எடையை மட்டும் காட்டும்படி பொத்தானை அமுக்கி வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கூண்டைக் கழுவித் துடைத்து, துணி விரித்து, பாப்பாவை அதில் உட்கார வைத்து எடை பார்த்துப் படம் எடுத்து பூங்கொடிக்கு அனுப்புவேன். முதல்முறை பார்த்ததும் என்னைக் கிழிகிழி என்று கிழித்தாள். அப்புறம் ஞாயிறு வந்தால் அவளே "எடை போட்டாச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கும் ஞாயிறுதான். பாப்பா எட்டுக் கிலோ இருநூறு. அவளையும் கூண்டையும் இறக்கிவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். என் பெட்டி இருபத்தொன்பது கிலோ அறுநூறு. எனக்கு அனுமதி முப்பது. பாப்பாவின் பெட்டி ஒன்பது கிலோ நானூறு. தூக்கிப் பார்த்த அக்கா, "என்ன தம்பி, கல்லாட்டமா கனக்குது" என்றாள். "தராசு பொய் சொல்லுமாக்கா? உனக்கு வயசாகுது" என்று சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே போகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நான் இடுப்பில் பாப்பா, முதுகில் பை, ஒரு கையில் பெட்டி வண்டி, இன்னொரு கையில் தள்ளுவண்டி என்று கவுன்டருக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தத் தள்ளுவண்டி பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரவல் கொடுத்தது. எங்கள் ஊர் ரோட்டில் அதை ஒருநாள் ஓட்டிப் பார்த்திருந்தாலும் சக்கரம் கழன்றிருக்கும்.

கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைப் பெல்ட்டில் வைக்கச் சொன்னாள். எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், முப்பத்தாறு காட்டுதுங்க."

"இருக்காதுங்க அம்மணி. நேத்துத்தான் எடை போட்டேனுங்க."

"சரிங்க சார். சின்னப் பெட்டியையும் வெச்சுருங்க, பாத்துரலாம்."

சின்னப் பெட்டி பதினைந்து கிலோ தொள்ளாயிரம். "உங்க மிஷின்ல ஏதோ கோளாறுங்க" என்றேன். "இருக்கலாமுங்க. பக்கத்து மிஷின்ல வேணும்னா பாக்கறீங்களா?" என்றாள். அதிலும் அதேதான். இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதை குறையாமல் நம்பாமல் இருந்தோம். என் கண் அந்த எண்களிலேயே இருந்தது. முப்பத்தாறுக்கும் இருபத்தொன்பதரைக்கும் நடுவே ஆறரை. பதினாறுக்கும் ஒன்பதரைக்கும் நடுவே ஆறரை. அட கெரகமே! கூண்டு! பாப்பாவை இறக்கினேன், கூண்டை இறக்கினேன், பொத்தானை அமுக்க மறந்துபோனேன். இரண்டு பெட்டியிலும் இல்லாத கூண்டைத் தராசு கழித்திருக்கிறது. பதினைந்து வருடமாகக் கோழி எடை போடுகிறவன் செய்கிற காரியமா இது?

அந்தப் பெண்ணிடம் இதை எப்படி விளக்குவது? "கூண்டு எடைங்க, கோழிக் கூண்டு" என்றேன். அவள் பதறிப்போய், "பொட்டிக்குள்ள கோழி ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?" என்றாள்.

பன்னிரண்டு கிலோ குறைக்க வேண்டும். எல்லோரும் பார்க்க நடுக்கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பாப்பாவைக் கீழே விட்டால் கத்துவாள். என்னையும் அக்காவையும் தவிர யாரிடமும் போகவும் மாட்டாள். அதனால் இடுப்பில் அவள், ஒரு கையில் வேலை. ராகி மாவு, நேந்திரங்காய் மாவு, நாட்டுச் சர்க்கரை, வறுத்து அரைத்த மல்லிப்பொடி, இரண்டு பாட்டில் செக்கு எண்ணெய், ஒரு சின்ன இரும்புத் தோசைக்கல். தோசைக்கல்லை யார் வைத்தது? அக்காதான், வேறு யார். பாப்பாவின் மாவுகளைத் தொடவில்லை. தோசைக்கல், எண்ணெய், சர்க்கரை எல்லாம் வெளியே வந்தன. அப்படியும் மூன்று கிலோ நின்றது. என் துணிகளை எடுத்தேன். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ஒரு லுங்கியோடு வெளிநாடு போகிறவன் ஆனேன். எடுத்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டி, வாசலில் நின்ற காவலரிடம் கெஞ்சி, கதவுக்கு வெளியே அக்காவிடம் கொடுத்தேன்.

"அங்க தோசைக்கல்லுக்கு என்ன பண்ணுவா தம்பி?" என்றாள்.

"அக்கா, எனக்கு வாயில வந்துரும்."

அவள் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அழக்கூட நேரமில்லை.

பாதுகாப்புச் சோதனையில் பயணத்துக்குத் தேவையான பால் மட்டும் கொண்டுபோகலாம் என்பது விதி. எவ்வளவு தேவை என்பது பாப்பாவுக்குத்தான் தெரியும். மூன்று பாட்டிலில் பால், ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். அங்கிருந்த அதிகாரி இந்தியும் சைகையுமாக, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் நீங்களே குடித்துக் காட்டுங்கள் என்றார். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, சரி என்று குடித்தேன். வெந்நீரையும் குடிக்கச் சொன்னார். நாக்கு வெந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பாவம், முதல் பிள்ளை போலிருக்கிறது என்று சொன்னதாகப் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார்.

விமானத்தின் வாசலில் தள்ளுவண்டியை மடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு மடிக்கத் தெரியாது. இழுத்தேன், மிதித்தேன், ஒரு விரலை நசுக்கிக்கொண்டேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர் முன்னால் வந்து, அடியில் இருந்த ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வண்டி தானாகப் படுத்துக்கொண்டது.

அவருக்கு என் பக்கத்து இருக்கை. பெயர் செல்வராசு, அங்கே கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை. பாப்பா அவரைப் பார்த்தாலே அலறினாள். அதனால் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே என் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் பாப்பா தலைக்கு மேலாக ஆறிப்போன உப்புமாவைத் தின்றேன். எதற்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"வெசனப்படாதீங்ணா" என்றார். "என்ற பையன மூணு வருசங் கழிச்சுப் பாத்தனுங்ணா. என்னைய மாமான்னு கூப்புட்டான்."

"அப்பறம்?"

"லீவு முடியற வரைக்கும் மாமாதானுங்ணா."

அதற்குப் பிறகு உப்புமா இறங்கவில்லை.

இறங்கியதும் வாசலிலேயே தள்ளுவண்டி கிடைக்கும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அது பெட்டிகளோடுதான் வரும் என்று இங்கே சொன்னார்கள். எட்டுக் கிலோ இருநூறைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நம் ஊரில் இவ்வளவு தூரம் நடந்தால் அடுத்த ஊர் வந்திருக்கும். கம்பளம் விரித்திருக்கிறார்களே ஒழிய கால் வலி கால் வலிதான்.

வெளியே பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் மெலிந்திருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. "கண்ணு, என்ற தங்கமே" என்று இரண்டு கையையும் நீட்டி ஓடி வந்தாள். பாப்பா ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். பூங்கொடி கையைக் கீழே போட்டாள். "தூக்கக் கலக்கமுங்க" என்று தானே சொல்லிக்கொண்டு பெட்டி வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை. பூங்கொடி ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தாள். அவள் வீடு நாலாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும். அரிசியும் பருப்பும் போட்டு நம் ஊர்ச் சோறு ஆக்கினாள், வாசம் பல்லடத்துக்கே எட்டியிருக்கும். குழையப் பிசைந்து ஊட்டினாள். பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதே கிண்ணத்தை நான் வாங்கி ஊட்டினேன், மடமடவென்று தின்றாள். பூங்கொடி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஏதும் கழுவவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை. பொம்மை, பலூன், கிலுகிலுப்பை எல்லாம் வாங்கி வந்தோம். பாப்பா பலூனை வாங்கிக்கொண்டு, கொடுத்தவளைப் பார்த்து அழுதாள். மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள், அறுபது வயதிருக்கும், கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பதாக பூங்கொடி சொன்னாள். நம் ஊரில் பிள்ளை இந்த அழுகை அழுதால் தெருவே வீட்டுக்குள் வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும். இங்கே இரண்டு நாள் பொறுத்து, பழத்தோடு வந்து கேட்கிறார்கள். எது நல்லது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. இரண்டு நாளாகப் பாப்பா என் மேலிருந்து இறங்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பூங்கொடி காப்பியைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"நீங்க வெளிய போயிருங்க. சாயங்காலம் வரைக்கும் வராதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆறு மாசம் ராத்திரி பகல் பாக்காம வளத்தவன் நானு. என்னைய வெளிய போன்னு சொல்றியா?"

"நீங்க வளத்ததுனாலதானுங்க சொல்றேன். நீங்க கண்ணுல படற வரைக்கும் அவ எங்கிட்ட வரமாட்டா. நான் யாருன்னு பாக்கக்கூட மாட்டேங்கறா."

"கத்துவாளே."

"கத்துவா. எனக்குத் தெரியுமுங்க." அவள் பாப்பாவைப் பார்த்தாள். "இன்னிக்கு ஒருநாளுதானுங்க. ஆகலைன்னா நீங்களே கூட்டீட்டுப் போயிருங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

பாப்பா பலூனோடு இருந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இரண்டு மாடி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டது. அந்தக் கட்டடங்களின் தரைத்தளத்தில் வீடு கிடையாது, தூண்களும் கல்மேசைகளுமாகக் காலியாக இருக்கும். ஒரு கல்மேசையில் உட்கார்ந்தேன். நாலாவது மாடி அழுகை அங்கே தெளிவாகக் கேட்டது. அவள் அழுகை எனக்கு அத்துப்படி. பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு. இது நான் கேட்காத அழுகை. இரண்டு தடவை எழுந்து லிஃப்ட் வரை போனேன். பொத்தானை அமுக்கினேன், கதவு திறந்தது, ஏறாமல் நின்றேன், கதவு மூடியது. அங்கேயே நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன.

பார்த்தது அந்தச் சீனத்து அம்மாள்தான். காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தார். மேலே காட்டினார், என்னைக் காட்டினார், புரிந்துகொண்டார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: இங்கே உட்கார்ந்திருந்தால் நீ மேலே போய்விடுவாய். வா, வந்து சாப்பிடு. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வந்தது, மேலே ஏதோ வெள்ளை உருண்டைகள். மீனா, மாவா என்று கேட்கவில்லை. மிளகாய் கண்ணீரை வரவழைத்தது, வசதியாகப் போயிற்று. அவர் நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். தன் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வரை நடந்தேன். எந்தத் தெருவில் நடந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிங்கப்பூர் சுத்தமான ஊர் என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் என் போனைத்தான். பூங்கொடி ஒரு செய்திகூட அனுப்பவில்லை. வெயில் சாய்ந்ததும் திரும்பி வந்து கீழே நின்று காதைத் தீட்டினேன். சத்தமே இல்லை. அது அழுகையைவிடப் பயமாக இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. பூங்கொடி ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள், தலைமுடி கலைந்து, தோளில் கக்கின பால் காய்ந்து. இடுப்பில் பாப்பா, முகமெல்லாம் வீங்கி, அவள் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினாள். எனக்கு உயிர் வந்தது. இரண்டடி எடுத்து வைத்தேன். பாப்பா என் முகத்தையே பார்த்தாள். பிறகு நீட்டின கையை இழுத்துக்கொண்டு அம்மா கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கோவமுங்க அவளுக்கு" என்றாள் பூங்கொடி. அழுதுகொண்டே சிரித்தாள். "நாலு வாய் சோறு தின்னாளுங்க, எங் கையில. நாலு வாய்."

"நல்லது அம்மணி" என்றேன். நல்லதுதான். அதற்குத்தான் வந்தேன். ஆனாலும் வயிறு எரியவில்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை பாப்பாவின் கோபம் தணிந்தது. என்னிடமும் வந்தாள், விளையாடினாள். தூக்கம் வந்தபோது மட்டும் அம்மாவைத் தேடினாள். தூங்கும்போது அவளைத் தட்டிக்கொடுக்காமல் என் கைக்கு வேலையே இல்லாமல் போனது. அன்று முழுக்கப் படுத்துத் தூங்கலாம் என்றாள் பூங்கொடி. படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். முந்தின நாளே அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். ஒரே ஒரு பெட்டி, அதுவும் பாதி காலி. பெட்டியை ஒரு கையால் இழுத்து, மறு கையை வீசிக்கொண்டு நடக்க முடிந்தது. தோளில் ஒரு பை. இவ்வளவு சுலபமாக ஒரு விமான நிலையத்துக்குள் நான் போனதே இல்லை, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

கவுன்டரில் தமிழ்ப் பெண், அந்த ஊர்க்காரி. திரையைப் பார்த்தாள், எட்டி என் பின்னால் பார்த்தாள், குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தாள்.

"சார், உங்க டிக்கெட்ல ஒரு குழந்தை இருக்கு. எங்க?"

"வரலைங்க."

"வரலைன்னா குழந்தைக்கான பத்துக் கிலோ உங்களுக்குக் கிடைக்காது சார். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

அவள் தட்டிக்கொண்டே போனாள், பிறகு நிறுத்தினாள். "பேரை எடுக்கணும்னா காரணம் போடணும் சார். உடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். பின்னால் நின்றவர் வண்டியை நகர்த்திச் சத்தம் எழுப்பினார். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி காத்திருந்தாள். எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"அவ அவங்கம்மாகிட்ட இருக்கறாளுங்க."